சிட்டு பாடாத மூன்றாவது வரி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு எந்த உள்ளொளியிலும் கிடைக்கவில்லை. ஒரு கிளட்ச்சில் கிடைத்தது.

என் மனைவிக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கொஞ்ச காலத்துக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இத்தனை வருடமும் அவள்தான் ஓட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொன்னேன். (தப்பாகச் சொன்னேன் என்று அவள் சேர்க்கச் சொல்கிறாள். சேர்த்தாயிற்று.) ஆகவே ஐம்பத்து நாலு வயதில், தலையில் முக்கால்வாசி முடி போன பிறகு, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன்.

அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பெண். என்னைவிட ஒன்பது பத்து வயது இளையவர். எல்லோரும் அவரை "மாஸ்டர்" என்றே கூப்பிட்டார்கள். நிதானமான மனிதர். நான் வண்டியை ஒரு குப்பைத் தொட்டியை நோக்கி விட்டபோதுகூட, "அது நமக்கு வேணாம் சார்" என்று மட்டும் சொன்னார்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தது. உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால், தெரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். கதை நகர வேண்டும்.

*ஓட்டைப் பல்லு ஓரத்திலே*
*காத்து வருது, பாட்டு வருது,*
*விழுந்த பல்லு எங்கே போச்சு,*
*யாருகிட்டே கேக்கப் போறேன்?*

நான் கல்லூரியில் படித்த காலத்தில் இந்தப் பாட்டு என்னைத் தெருத்தெருவாகத் துரத்தியது. சலூன், டீக்கடை, பேருந்து, எங்கே போனாலும் ஒன்பது வயதுக் கீச்சுக்குரல் ஒன்று தன் பல்லைத் தேடிக்கொண்டிருக்கும். மாஸ்டர் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க? நல்ல பாட்டாச்சே" என்றேன். பொய். எனக்குப் பிடிக்கவே பிடிக்காது.

"அது நான்தான் சார்."

"எது?"

"பாடுறது. கிளட்ச்ச மெதுவா விடுங்க."

நான் மொத்தமாக விட்டுவிட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நடுத்தெருவில் அணைந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரனிலேயே என் வம்சத்தை விசாரித்தார்கள். எனக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அந்தப் பாட்டைப் பாடிய சிட்டு. ஊர் உலகமே கன்னத்தைக் கிள்ளத் துடித்த சிட்டு!

எழுதுகிறவனுக்குக் கதை கிடைத்தால் முகத்தில் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

"நீங்க கதை எழுதறவர்னு உங்க வீட்டம்மா சொன்னாங்க. எழுதப் போறீங்களா?"

"சேச்சே."

"எழுதுங்க, பரவால்ல. எங்கம்மாவ மட்டும் வில்லி ஆக்காதீங்க. எல்லாரும் அதத்தான் மொதல்ல பண்ணுவாங்க."

நானும் அதைத்தான் முதலில் பண்ணினேன்.

2

ஆரம்பங்கள். எல்லாம் குப்பைக்குப் போனவை. பொறுக்கி எடுத்துத் தருகிறேன்.

(அ) "ஒரு காலத்தில் அவள் பாடினால் நாடே தலையாட்டியது. இன்று அவள்—" ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ் வாடை. இந்த 'இன்று அவள்' என்ற இரண்டு சொல்லுக்குப் பின்னால் வாசகர் எதிர்பார்ப்பது ஒரே விஷயம்தான்: அவள் நாசமாய்ப் போயிருக்க வேண்டும். மாஸ்டர் நாசமாய்ப் போகவில்லை. மாதச் சம்பளம், சொந்த வீடு, அடிக்கடி முதுகு வலி. வைத்துக்கொண்டு என்ன செய்வது?

(ஆ) "கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு—" அந்த வண்டியில் கண்ணாடிகளுக்குக் குறைச்சல் இல்லை. ஒன்றில்கூட அவர் தன் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் லாரி வருகிறதா என்றுதான் பார்த்தார்.

(இ) "பயிற்சி வண்டியில் இரண்டு பிரேக் உண்டு. ஒன்று ஓட்டுகிறவன் காலடியில், இன்னொன்று பக்கத்தில் இருப்பவர் காலடியில். சிட்டுவின் வாழ்க்கையிலும்—" இதை எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. அதனாலேயே அடித்துவிட்டேன். நமக்கே கைதட்டத் தோன்றினால் அந்த வாக்கியத்தில் எங்கோ கோளாறு.

இன்னொரு சிக்கல். பாடிய சிறுமியை 'அவள்' என்று எழுதுகிறேன். என் பக்கத்தில் உட்கார்ந்து கியர் மாற்றச் சொல்பவரை 'அவர்' என்று எழுதுகிறேன். இரண்டும் ஒரே ஆள். அப்படியென்றால் எந்த வாக்கியத்தில் அவள் அவர் ஆனாள்? ஆனார்? ஆண்டுகளைப் பார்த்தால் இடையில் ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் கதை கிடக்கிறது. குனிந்து பார்ப்போம்.

3

சிட்டுவின் அம்மா தையற்காரி. அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தைப்பவர். அப்பா இருந்தார். அவருக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. (நிஜத்திலும் அப்படித்தான் என்று மாஸ்டர் சொன்னார். "அப்பா வருவாரு, போவாரு. போறதுதான் நல்லாத் தெரியும்.")

ஒரு கேசட் கம்பெனிக்காரரின் மனைவி ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தார். உள்ளே தரையில் உட்கார்ந்து நூல்கண்டு சுற்றிக்கொண்டிருந்த சிறுமி, முன்பல் இல்லாத வாயால் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் திறமை கண்டுபிடிக்கப்பட்ட வரலாறு. அடுத்த வாரம் கம்பெனிக்காரரே வந்தார். அந்த ஓட்டைப் பல்லுக்காகவே பாட்டு எழுதினார்கள். அது எப்படி ஓடியது என்பதைச் சொன்னேன். என்னைத் தெருத்தெருவாகத் துரத்தியது.

ஆனால் குழந்தைகளிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வளர்ந்துவிடுவார்கள்.

முதலில் பல் முளைத்தது. மேடைக்கு ஏறும் முன் கம்பெனி ஆள் ஒருவர் அந்தப் பல்லில் கருப்பு மெழுகு தேய்த்துவிடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் ஓட்டைதான். பிறகு உயரம் கூடியது. சுற்றி ஆடும் பெண்களை மாற்றினார்கள், ஒவ்வொரு முறையும் இன்னும் நெட்டையாக. புகைப்படம் எடுக்கும்போது கவுனுக்குள் முழங்காலை லேசாக மடக்கி நிற்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அம்மா அதே ஆரஞ்சு நிறக் கவுனைப் பிரித்துப் பிரித்துத் தைத்தார். உள்ளே இருந்த தையல் விளிம்பெல்லாம் தீர்ந்ததும், அதே துணி தேடிக் கடைகடையாக அலைந்தார்.

"இப்பக்கூட யாராவது போட்டோன்னா கால் தானா மடங்கிடும் சார். பயிற்சிப் பள்ளில குரூப் போட்டோ எடுத்தாங்க. எங்க ஓனர் என்னைவிடக் குள்ளம். போட்டோல பாத்தா அவர் நெட்டை. ரொம்ப சந்தோஷப்பட்டார்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து எழுதும்போதுதான் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

4

பல்லை மறைக்கலாம், உயரத்தை மறைக்கலாம். குரலை என்ன செய்வது?

பன்னிரண்டு, பதிமூன்றில் சிட்டுவின் குரல் இறங்கியது. கனமாகி, அடியில் சற்றுக் கரகரப்போடு, ஒரு பெரிய பெண்ணின் குரலுக்குப் பாதி வழியில் வந்து நின்றது. கம்பெனிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சுவரொட்டியில் சிட்டுவுக்கு இன்னும் ஒன்பது வயது.

வழி கண்டுபிடித்தவர் ஒலிப்பதிவுக்காரர். இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கதை இதில்தான் நிற்கிறது. முன்னாலேயே பதிவு செய்த இசையை இயந்திரத்தில் மெதுவாக ஓட்டுவார். இசை இழுத்துக்கொண்டு, தாழ்ந்து, சேற்றில் நடக்கிறவனைப் போல வரும். சிட்டு அதற்கேற்ப மெதுவாக, தன் இறங்கிய குரலில் பாட வேண்டும். முடிந்ததும் இயந்திரத்தின் வேகக் குமிழைத் திருப்பிப் பழைய வேகத்துக்கு ஏற்றுவார். இசை சரியான வேகத்துக்கு வரும். கூடவே அவள் குரலும் ஏறி, கீச்சென்று ஒன்பது வயது ஆகிவிடும்.

இப்படியே வரிசையாகக் கேசட்டுகள் வந்தன; ஒவ்வொன்றுக்கும் ஓட்டைப் பல்லையும் மறுபடி இப்படிப் பாடவைத்தார்கள். மேடையிலும் இதே டேப்தான். அவள் வாயசைத்து ஆடுவாள்.

ஆக, பல பாட்டுகளைப் பாடிய சிட்டு தன் குரலை எங்கேயும் கேட்கவே இல்லை. கேட்டதெல்லாம் ஒன்பது வயதில் நின்றுபோன யாரோ ஒரு பிள்ளையின் குரல். பதிவறையில் பாடும்போதும் காதில் மாட்டிய ஹெட்போனில் இசை மட்டும்தான் வரும்.

(இங்கே ஒலிப்பதிவுக்காரரைத் திட்டி ஒரு பத்தி எழுதியிருந்தேன். மாஸ்டர் படித்துவிட்டு, "அவர் ரொம்ப நல்லவர் சார். பாடி முடிச்சா பிஸ்கட் குடுப்பார்" என்றார். பத்தியை எடுத்துவிட்டேன். மாஸ்டர் யாரையும் திட்ட விடமாட்டேன் என்கிறார். கதை எழுதுவதா, நற்சான்றிதழ் எழுதுவதா?)

5

அம்மாவைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. சந்தேகம் என்ன, முடிவே கட்டிவிட்டேன். மகளை வளரவிடாமல் தையல் போட்டு வைத்த தாய். அப்படி நாலு பக்கம் எழுதியும் வைத்தேன். அந்த நாலு பக்கத்தில் அவர் கண்கள் இரண்டு முறை 'பளபளத்தன'. ஒரு முறை 'ஊசிபோல் துளைத்தன'. தையற்காரி அல்லவா, ஊசி வராமல் இருக்குமா!

பிறகு ஒருநாள் நேரில் போனேன். மகளோடுதான் இருக்கிறார். கதவைத் திறந்தவுடன் என்னைத் தலைமுதல் கால்வரை பார்த்தார்.

"இந்தச் சட்டையை யாரு தச்சது? தோள் எறங்குது பாருங்க."

"ரெடிமேட் வாங்கினதும்மா."

"அதான். யாரோ ஒருத்தருக்குத் தச்சத நீங்க போட்டுட்டு வந்திருக்கீங்க. உக்காருங்க."

உட்கார்ந்தேன். கண்கள் பளபளக்கவில்லை. ஒரு கண்ணில் புரை வேறு. நான் சிட்டுவின் பாட்டைப் பற்றி எடுத்ததும் எழுந்துபோய், அலமாரியிலிருந்து பழைய டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து போட்டார். ஓட்டைப் பல்லு கீச்சிட்டது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார்.

"இவ குரல் இவ்ளோ வருஷம் ஆகியும் அப்படியே இருக்கு பாருங்க" என்றார்.

மகள் உள்ளே டீ போட்டுக்கொண்டிருந்தார். குரல் இருந்தது கேசட்டில். மகள் இருந்தது சமையலறையில். இரண்டுக்கும் நடுவில் நான் தோள் இறங்கிய சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். நாலு பக்கத்தையும் அன்றே கிழித்தேன். கோபப்படலாம் என்று போன இடத்தில் எனக்கு அழுகை வந்தது.

6

எல்லாம் முடிந்துபோன அந்த நாளை மாஸ்டர் எனக்கு ஒரு சிக்னலில் நிற்கும்போது சொன்னார். பச்சை விழுந்தும் நான் எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை.

பெரிய அரங்கு. கூட்டம் நிரம்பி வழிந்தது. அன்று காலைவரை புதிய பதிவு நடந்திருந்தது. அதே இயந்திரத்தை அவசரமாகத் தூக்கி வந்து மேடைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். வேகக் குமிழ் பதிவறையில் இருந்தபடியே, மெதுவான இடத்திலேயே இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. டேப்பைப் போட்டுப் பொத்தானை அமுக்கிவிட்டு அதை ஓட்டுகிறவர் வெளியே போய்விட்டார்.

ஆரஞ்சுக் கவுனில் சிட்டு நின்றாள். மெழுகு தேய்த்த பல்லோடு, மடங்கிய முழங்காலோடு. பெரிய ஒலிபெருக்கிகளிலிருந்து இசை இழுத்துக்கொண்டு வந்தது. அதன் மேல் ஒரு பெண்ணின் குரல்.

*ஓட்டைப் பல்லு ஓரத்திலே...*

எந்த டேப் வந்தாலும் அதற்கு வாயசைக்க வேண்டும் என்பதுதான் அவளுக்குக் கிடைத்த பயிற்சி. அசைத்தாள். கைகால்களையும் அதே மெதுவான வேகத்தில் ஆட்டினாள். கூட்டம் திகைத்தது. இயந்திரக் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். அப்படியே போயிருந்தால் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி ஓட்டியிருக்கலாம்.

மேடை ஓரத்தில் அம்மா நின்றிருந்தார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. மகள் நடு மேடையில் அவமானப்படுகிறாள். அந்தக் குமிழைத் திருப்புவதை அம்மா எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். ஓடிப்போய்த் திருப்பினார்.

இரண்டாவது வரி நடந்துகொண்டிருந்தது. *காத்து வருது* என்றபோது பதிமூன்று வயது. *பாட்டு வருது* என்பதற்குள் குரல் வழுக்கி ஏறி ஒன்பது வயதாகிவிட்டது. எல்லோர் காதிலும், அந்தப் பெரிய ஒலிபெருக்கிகளில். அவள் கால்களும் பழக்கத்தில் அதற்கேற்ப வேகமெடுத்தன.

பிறகு ஒருவர் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. ஏமாற்று வித்தையை அவர்கள் கண்ணெதிரே, ஒரே வரியில் செய்து காட்டியாகிவிட்டது. அதற்குப் பிறகு சிட்டுவுக்கு மேடையும் இல்லை, கேசட்டும் இல்லை. வீட்டில் அம்மாவும் மகளும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை, இன்றுவரை.

"ரொம்ப அசிங்கமா இருந்திருக்குமே" என்றேன். எழுத்தாளன் கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

"சிரிச்சது எனக்குச் சரியா ஞாபகமே இல்ல சார். அந்த ஒண்ணரை வரிதான் ஞாபகம் இருக்கு. அது என் குரல். அவ்ளோ பெருசா, வெளியில கேட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு." பிறகு சொன்னார்: "மீதியப் பாடவே இல்ல. அது ஒண்ணுதான்."

பின்னால் இருந்தவர் ஹாரனை விட்டு இறங்கியே வந்துவிட்டார். அவருக்கு எப்படி விளக்குவது?

7

இப்படி ஒருவருக்கு ஒரே ஒரு ஆசை இருக்கிறது என்று தெரிந்தால் கதாசிரியன் உடனே ஒரு தொலைக்காட்சி நிலையத்தைக் கொண்டுவருவான். நான் கொண்டுவரவில்லை. அது தானாக வந்தது.

'அன்று கேட்ட குரல்' என்று ஏதோ நிகழ்ச்சி. நேரலை. பழைய பாடகர்களை வரவழைத்துப் பாடவைப்பார்கள். அதன் தயாரிப்பாளர் எப்போதும் சந்தோஷமாக இருக்கிற மனிதர். அருகில் நின்றால் நமக்குக் களைப்பு வந்துவிடும். மாஸ்டர் அவரிடம் ஒரே நிபந்தனை வைத்தார்: டேப் வேண்டாம், என் குரலில் பாடுகிறேன்.

"சூப்பர் மேடம்! அதுதானே எங்களுக்கும் வேணும்!"

ஒத்திகைக்கு அம்மாவும் வந்தார். துணைக்கு நான். (வண்டி ஓட்டியதும் நான்தான். வாயிலில் இருந்த பூந்தொட்டியைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.) வாத்தியக்காரர்கள் பாட்டைத் தொடங்கினார்கள், ஊருக்கே தெரிந்த அந்தத் துள்ளல் வேகத்தில். மாஸ்டர் வாயைத் திறந்தார்.

வரவில்லை. குரல் வந்தது, வேகம் வரவில்லை. அவர் முதல் வரியின் பாதியில் இருக்கும்போது இசை மூன்றாம் வரிக்குப் போய்விட்டது. மறுபடி தொடங்கினார்கள். மறுபடியும் அதே கதி. அந்தப் பாட்டுகளை அவர் உடம்பு கற்றுக்கொண்டது மெதுவான இசையில். மூச்சு எடுக்கிற இடமெல்லாம் அங்கேயே பதிந்து கிடந்தது. ஒன்பது வயதில் பாடிய வேகம் எப்போதோ அழிந்துவிட்டது.

கீபோர்டு வாசித்த இளைஞன் மரியாதை தெரிந்தவன். "மேடம், நீங்க போடுங்க தாளம். நாங்க பின்னாடி வர்றோம்" என்றான். அவர் போட்டார். அவர்கள் பின்னாலேயே போனார்கள். துள்ளிக்கொண்டிருந்த பாட்டு நிதானமாக நடந்து வந்தது. ஒரு பெரிய மனுஷி, அடியில் கரகரக்கும் குரலில், தன் வாயிலிருந்து காற்று வருவதைப் பற்றிப் பாடினார். என் கை மயிர் எழுந்தது. எனக்குப் பிடிக்கவே பிடிக்காத பாட்டு அது!

இரண்டு வரி முடிவதற்குள் தயாரிப்பாளர் கை தட்டி நிறுத்தினார்.

"மேடம், அருமை. ஆனா... கொஞ்சம் சோகமா இருக்கே? நம்ம நிகழ்ச்சி ஜாலி நிகழ்ச்சி. ஜனங்க ரிமோட்ட எடுத்துருவாங்க."

அம்மா என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்: "ஏன் தம்பி, மெஷின் மெதுவா ஓடுதா?"

நான் சொன்னேன்: "மெஷின் இல்லம்மா. அவங்கதான் பாடுறாங்க."

அம்மா மேடையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து தயாரிப்பாளரிடம் போனார். அன்றைக்கு மேடை ஓரத்திலிருந்து ஓடினாரே, அதே ஓட்டம், வயசுக்கேற்ற வேகத்தில்.

"பழைய ரெக்கார்டிங் வெச்சிருக்கீங்கல்ல? அதையும் தயாரா வெச்சுக்கங்க. நான் மொத வரிசையில இருக்கேன். சரிப்பட்டு வரலன்னா கையத் தூக்குறேன். உடனே போட்டுருங்க. எம்பொண்ணப் பாத்து மறுபடி யாரும் சிரிக்கக்கூடாது."

தயாரிப்பாளருக்கு முகமெல்லாம் பல். அம்மா, மகள், முதல் வரிசை, தூக்கப்போகும் கை! இதைவிட நேரலைக்கு வேறென்ன வேண்டும்?

நான் மாஸ்டரைப் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனசுக்குள் கத்தினேன். அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றார்.

8

இதுவரை எழுதியதை அவரிடம் கொடுத்தேன். நிறுத்தி வைத்த வண்டியிலேயே படித்தார்.

"எல்லாம் சரிதான் சார். ஆனா நான் இவ்ளோ வேகமாப் பேச மாட்டேனே?"

உண்மைதான். மாஸ்டர் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் நாம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிடலாம். மேலே நீங்கள் படித்த அவருடைய பேச்சில் எல்லாம் இடைவெளிகளை நான் வெட்டியிருக்கிறேன். "அது நான்தான் சார்" என்பதற்கும் "பாடுறது" என்பதற்கும் நடுவில் ஒரு தெரு போயிற்று. "மீதியப் பாடவே இல்ல" என்பதற்கும் "அது ஒண்ணுதான்" என்பதற்கும் நடுவில் சிக்னல் ஒரு சுற்று மாறியது. அப்படியே எழுதினால் வாசகர் ரிமோட்டை எடுத்துவிடுவார் என்று பயம். ஆக, நானும் வேகக் குமிழைத் திருப்பியவன்தான்; ஒலிப்பதிவுக்காரரைத் திட்டிய பத்தியை எடுத்தது நல்லதாய்ப் போயிற்று.

"திருத்திடட்டுமா?" என்றேன்.

"இருக்கட்டும் சார். கடைசில மட்டும் அவசரப்படாதீங்க."

இதுவரை படித்துக்காட்டியபோது என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்: "அவங்க ஏன் சரிம்மான்னு சொன்னாங்க?" தெரியாது. அம்மாவை ஒரு முறையாவது கையைக் கட்டிக்கொண்டு உட்காரவைக்க நினைத்தாரா? இல்லை, அன்று செய்ததை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல அவருக்குக் கிடைத்த ஒரே வார்த்தை அதுவா? மனைவி இரண்டையும் ஏற்கவில்லை. "அம்மா கேட்டா பொண்ணு சரின்னுதான் சொல்லுவா. இதுல என்ன இருக்கு?" என்றாள். ஒருவேளை அவ்வளவுதானோ என்னவோ.

9

முடிவுகள். இவையும் எழுதிப் பார்த்தவைதான்.

முதல் முடிவு. அம்மா கையைத் தூக்குகிறார். பழைய பதிவு பாய்ந்து வருகிறது. மாஸ்டரின் வாய் தானாக அசைகிறது, கால் தானாக மடங்குகிறது. கூட்டம் ஆரவாரம் செய்கிறது. இது நடக்கக்கூடியது. அதனால்தான் என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

இரண்டாம் முடிவு. அம்மா கையைத் தூக்கவில்லை. பாட்டு முடிகிறது. அரங்கம் எழுந்து நிற்கிறது. தாயும் மகளும் கட்டிப்பிடித்து— இதைத் தயாரிப்பாளரே எழுதியிருப்பார், என்னைவிட நன்றாக.

மூன்றாம் முடிவு. அம்மாவின் கை எழுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எழுத்தாளன் அதைப் பிடித்துக்கொள்கிறான். அடடா, என்ன ஒரு கம்பீரம்! கதை முழுக்க ஒரு வேலையும் செய்யாதவனுக்குக் கடைசியில் நாயகன் வேடம். இதை மனைவியிடம் படித்துக்காட்டியபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அன்று நான் அங்கே இருந்தேன். அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலி. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதினால் ஒரே பத்தியில் எழுதிவிடலாம். ஆனால் மறுநாள் மாஸ்டர் சொன்னார்:

"டிவில ஒரு மாதிரி காட்டிட்டாங்க. பேப்பர்ல வேற மாதிரி போட்டுட்டாங்க."

(இடைவெளி. இந்த முறை வெட்டவில்லை. ஒரு பேருந்து எங்களைத் தாண்டிப் போனது. அதற்குப் பின்னால் ஒரு சைக்கிள்.)

"நான் பாடுறப்ப... யாராவது ஒருத்தர்... ஒண்ணும் பண்ணாம இருந்தா போதும் சார்."

10

ஆகவே.

மேடையில் ஒருவர் நிற்கிறார். சாதாரணப் புடவை. முழங்கால் நேராக இருக்கிறதா, மடங்கியிருக்கிறதா, புடவைக்குள் தெரியவில்லை. கீபோர்டு இளைஞன் அவரைப் பார்க்கிறான். அவர் தலையசைக்கிறார், மெதுவாக. இவன் அந்த வேகத்தை எடுத்துக்கொள்கிறான்.

*ஓட்டைப் பல்லு ஓரத்திலே*

முன் வரிசையில் யாரோ செருமுகிறார்கள். பின்னால் ஒரு சின்னச் சிரிப்பு, உடனே அடங்குகிறது. அல்லது அடங்கவில்லை. அம்மாவின் மடியில் கைப்பை. கைப்பையின் மேல் இரண்டு கைகளும். வலது கையின் ஆள்காட்டி விரலில் ஊசி குத்திக் குத்திக் காய்ப்பேறிய தோல்.

*காத்து வருது*

அம்மாவின் உதடுகள் சேர்ந்து அசைகின்றன, வேகமாக. மகளை முந்திக்கொண்டு போய், நின்று, திரும்பிப் பார்க்கின்றன.

*பாட்டு வருது*

வலது கை கைப்பையை விட்டு எழுகிறது. கொஞ்சம்தான். அது கண்ணைத் துடைக்கப் போகிறதா, தாளம் போடப் போகிறதா, இன்னும் மேலே போகப் போகிறதா என்று நான் எழுத மாட்டேன். நான் அதைப் பிடிக்கவும் இல்லை. ஒன்றும் பண்ணாமல் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் எனக்கு நன்றாக வருகிற வேலை அதுதான் என்று மனைவி சொல்வாள். ஆனால் அது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

இனி நீங்கள். என் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. இந்தத் தாளுக்குப் பிறகு கதை இல்லை, திருப்பிப் பார்க்க வேண்டாம். அங்கே மேடையில் இரண்டு வரி முடிந்துவிட்டது. மூன்றாவது வரியை இந்தக் குரலில் இதுவரை யாரும் கேட்டதில்லை, பாடுகிறவர் உட்பட.

அவர் மூச்சு எடுக்கிறார். நீளமான மூச்சு.

இன்னும் எடுக்கிறார்.

காத்திருங்கள்.